பிள்ளை ‘ங்கா’ சொன்னால் நீங்களும் ‘ங்கா’ சொல்லுங்கள்

போன மாதம் பக்கத்து வீட்டில் ஏழு மாதக் குழந்தைக்கு ‘மூளை வளர்ச்சி கிட்’ என்று ஒரு பெட்டி வந்து இறங்கியது. உள்ளே கருப்பு வெள்ளை அட்டைகள், பழங்கள், மிருகங்கள், நாடுகளின் கொடிகள்கூட இருந்தன. அந்த விலைக்கு ஒரு மாதப் பால் கணக்கையும் மளிகைக் கணக்கையும் சேர்த்து அடைத்துவிடலாம். தாத்தா ஒரு கொடியைத் தூக்கிக் காட்டி “ஜப்பான், ஜப்பான்” என்று சொல்லிக்கொண்டிருந்தார். குழந்தை ஜப்பானின் மூலையை வாயில் வைத்துச் சப்பிக்கொண்டே தாத்தாவின் மீசையைப் பார்த்துக்கொண்டிருந்தது. எதைப் பார்க்க வேண்டும் என்று அதற்குச் சரியாகத் தெரிந்திருக்கிறது.

நான் டாக்டர் கிடையாது. இரண்டு பிள்ளைகளை வளர்த்தவள். தம்பி மகனுக்குக் காதில் இருந்த குறையைத் தாமதமாகக் கண்டுபிடித்து, அப்புறம் மூன்று வருடம் ஆஸ்பத்திரி, தெரபி என்று அலைந்த குடும்பத்தில் ஒருத்தி. அந்த அலைச்சலில் படித்ததையும், தெரபிஸ்டுகளைத் தொந்தரவு செய்து கேட்டுத் தெரிந்துகொண்டதையும்தான் இங்கே எழுதுகிறேன். பிறந்ததிலிருந்து ஐந்து வயதுக்குள் பிள்ளை இருக்கிற வீட்டுக்கு இது பயன்படும். பெட்டி எதுவும் வாங்க வேண்டாம்.

மூளை செய்கிற கவாத்து

பிறக்கும்போதே மூளையில் நரம்பணுக்கள் பெரும்பாலும் வந்துவிடுகின்றன. அவற்றுக்கு நடுவே இணைப்புகள்தான் குறைவு. முதல் இரண்டு மூன்று வருடங்களில் இந்த இணைப்புகள் தேவைக்கு மேல் கன்னாபின்னாவென்று பெருகும். இரண்டு வயதிலேயே மூளை, பெரியவர்களின் மூளை அளவில் சுமார் 80 சதவீதத்தை எட்டிவிடும். அப்புறம் மூளை கவாத்து செய்ய ஆரம்பிக்கிறது. மல்லிகைச் செடியில் எந்தக் கிளையை வெட்டுவது என்று தோட்டக்காரர் பார்த்து முடிவு செய்வார். இங்கே தோட்டக்காரர் இல்லை, புழக்கம்தான் முடிவு செய்கிறது. அடிக்கடி வேலை செய்த இணைப்பு தடிக்கும், சும்மா கிடந்தது போய்விடும்.

இதற்கு எனக்குப் பிடித்த உதாரணம் நம் எழுத்துகளிலேயே இருக்கிறது. 1984-ல் கனடாவில் ஜேனட் வெர்க்கர், ரிச்சர்ட் டீஸ் இருவரும் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். ஆங்கிலம் மட்டும் பேசுகிற வீட்டுக் குழந்தைகளுக்கு இந்தியில் உள்ள ‘த’, ‘ட’ இரண்டையும் போட்டுக் காட்டினார்கள். ஆறேழு மாதக் குழந்தைகள் இரண்டும் வேறு வேறு என்று கண்டுகொண்டன. பத்துப் பன்னிரண்டு மாதம் ஆன குழந்தைகளில் பெரும்பாலானவற்றுக்கு அது முடியவில்லை. அந்த வீடுகளில் யாரும் அந்த இரண்டு ஒலிகளையும் பிரித்துப் பேசாததால் மூளை அதை வேண்டாத பொருளாக ஒதுக்கிவிட்டது. நம் பிள்ளைக்கு ‘பத்து’ வேறு, ‘பட்டு’ வேறு என்று யாரும் பாடம் எடுக்கவில்லை. சுற்றி இருக்கிறவர்கள் பேசிக்கொண்டே இருந்தார்கள், அவ்வளவுதான்.

சரி, பேச்சு காதில் விழுந்தால் போதும் என்றால் டிவியைப் போட்டுவிடலாமே? இதையும் சோதித்துப் பார்த்துவிட்டார்கள். பேட்ரிஷியா கூல் என்பவரும் அவருடைய குழுவும் 2003-ல் வெளியிட்ட ஆய்வு அது. ஒன்பது மாத அமெரிக்கக் குழந்தைகளுக்கு 12 முறை சீன மாண்டரின் பேச்சு. ஒரு கூட்டத்துக்கு ஆள் நேரில் உட்கார்ந்து பொம்மை காட்டி, புத்தகம் காட்டிப் பேசினார். இன்னொரு கூட்டத்துக்கு அதே ஆட்களின் அதே பேச்சு, ஆனால் வீடியோவில். நேரில் கேட்ட குழந்தைகள் அந்த மொழியின் ஒலிகளைப் பிடித்துக்கொண்டன. வீடியோ பார்த்தவை மாண்டரினே கேட்காத குழந்தைகளைப் போலவேதான் இருந்தன. பெட்டி, யூடியூப், ‘இன்டலிஜென்ட் பேபி’ ஆப் எல்லாவற்றின் மேலும் எனக்கு நம்பிக்கை போனது இதைப் படித்த அன்றுதான். ஒலியைத் திரையும் தரும். குழந்தை எங்கே பார்க்கிறது என்று பார்த்து, அது ஒரு சத்தம் போட்டால் அதற்குப் பதில் சொல்லத் திரைக்குத் தெரியாது.

இன்னொரு பக்கமும் சொல்ல வேண்டும். மூன்று வயதோடு கதவு மூடிவிடும் என்று பயம் காட்டி வியாபாரம் செய்கிறவர்கள் இருக்கிறார்கள். பார்வை, கேட்டல், மொழியின் ஒலிகள் போன்ற சிலவற்றுக்கு ஆரம்ப காலம் ரொம்ப முக்கியம். புது வார்த்தை, கணக்கு, வாசிப்பு எல்லாம் ஆயுசுக்கும் நடக்கும். ஐந்து வயதுப் பிள்ளை வைத்திருந்தால் “ஐயோ, விட்டுவிட்டோமே” என்று தலையில் கை வைக்க வேண்டாம்.

ஜமைக்காவில் வாரம் ஒரு மணி நேரம்

இதெல்லாம் ஆய்வுக்கூடத்துக் கதை, ஏழை வீட்டில் நடக்குமா என்று கேட்பவர்களுக்கு இது. 1986-87-ல் ஜமைக்காவின் கிங்ஸ்டன் நகரத்து ஏழைப் பகுதிகளில், வயதுக்கேற்ற உயரம் இல்லாத 129 குழந்தைகளைச் சேர்த்தார்கள். வயது 9 மாதம் முதல் 24 மாதம் வரை. சாலி கிரந்தம்-மெக்ரிகர் என்பவர் முன்னின்று நடத்திய ஆய்வு. சில பிள்ளைகளுக்குச் சத்துணவு மட்டும், சிலருக்கு விளையாட்டு மட்டும், சிலருக்கு இரண்டும், சிலருக்கு எதுவும் இல்லை. விளையாட்டு என்றால் பெரிய ஏற்பாடு ஒன்றும் இல்லை. உள்ளூர்ச் சுகாதார ஊழியர் ஒருவர் வாரம் ஒரு மணி நேரம் வீட்டுக்கு வருவார். வீணான டப்பா, பாட்டில், அட்டைப்பெட்டியில் செய்த பொம்மைகளைக் கொண்டுவந்து, குழந்தையோடு எப்படி விளையாடுவது, எப்படிப் பேசுவது, செய்ததை எப்படிப் பாராட்டுவது என்று அம்மாவுக்குக் காட்டுவார். போகும்போது பொம்மையை விட்டுவிட்டுப் போவார், அடுத்த வாரம் வேறு கொண்டுவருவார். இப்படி இரண்டு வருடம்.

இருபது வருடம் கழித்துத் தேடிப்போய்ப் பார்த்தார்கள். விளையாட்டு கிடைத்த பிள்ளைகள் 22 வயதில், அது கிடைக்காதவர்களைவிட 25 சதவீதம் அதிகம் சம்பாதித்துக்கொண்டிருந்தார்கள். சத்துணவு மட்டும் கிடைத்தவர்களிடம் அப்படி நீடித்த பலன் தெரியவில்லை. இதைப் படித்துவிட்டு சாப்பாட்டைக் குறைத்துவிடாதீர்கள், அதற்குக் கீழே வருகிறேன். எனக்கு இதில் பிடித்தது, வந்தவர் குழந்தைக்குப் பாடம் நடத்தவில்லை என்பது. அம்மாவையும் குழந்தையையும் ஒன்றாக உட்கார வைத்தார், அவ்வளவே. தம்பி மகனுக்குக் காதுக் கருவி மாட்டிய பிறகு தெரபிஸ்ட் எங்களுக்குச் சொல்லிக்கொடுத்ததும் கிட்டத்தட்ட இதையேதான்.

பதிலுக்குப் பதில்: செய்கிற முறை

அந்த தெரபிஸ்ட் முதல் நாள் சொன்னது: “போனை வேற ரூம்ல வச்சிட்டு வாங்க. தரையில உட்காருங்க. அவன் முகமும் உங்க முகமும் ஒரே உயரத்துல இருக்கணும். அவன் எதைத் தொடுறானோ அதைப் பத்திப் பேசுங்க. பேசிட்டு அஞ்சு எண்ணுங்க.” இந்த அஞ்சு எண்ணுவதுதான் கஷ்டம். செய்து பாருங்கள், ஐந்து நொடி என்பது எவ்வளவு நீளம் என்று தெரியும். நாம் கேள்வி கேட்போம், நாமே பதில் சொல்லுவோம், நாமே சிரித்துக்கொள்வோம். குழந்தையின் மூளைக்குக் கேட்டதை வாங்கி, பதிலைத் தேடி, வாயை அசைக்க நேரம் வேண்டும். காத்திருந்தால் ஏதாவது ஒன்று வரும். சத்தமோ, கையசைப்போ, ஒரு பார்வையோ. எது வந்தாலும் அதைப் பதிலாக எடுத்துக்கொண்டு நீங்கள் மறுபடி சொல்ல வேண்டும்.

முதல் மூன்று மாதம். பிறந்த குழந்தைக்கு ஓரளவு தெளிவாகத் தெரியும் தூரம் 20 முதல் 30 செ.மீ., அதாவது பால் குடிக்கும்போது அம்மாவின் முகம் இருக்கிற தூரம். அந்த நேரத்தில் போன் பார்க்காமல் முகம் பாருங்கள். ஒவ்வொரு தடவையும் முடியாது, தெரியும், நடு ராத்திரி இரண்டு மணிக்கு யாருக்கும் முடியாது. பகலில் இரண்டு தடவையாவது. பாட்டி காலை நீட்டிக் குழந்தையைப் போட்டு எண்ணெய் தேய்த்துக் குளிப்பாட்டும்போது “கை எங்கே, இந்தா இருக்கு கை, கால் எங்கே” என்று இழுத்து இழுத்துப் பேசுவாரே, அந்தக் கொஞ்சல் பேச்சைக் கேலி செய்ய வேண்டாம். ராகம் போட்டு, மெதுவாக, உச்சஸ்தாயியில் பேசுவது குழந்தைக்கு வார்த்தை எங்கே தொடங்குகிறது, எங்கே முடிகிறது என்று பிரித்துக் காட்டுகிறது. இரண்டாம் மாதம் ‘ங்கா’ வரும். நீங்களும் ‘ங்கா’ சொல்லிக் காத்திருங்கள். திரும்ப வரும். அதுதான் முதல் உரையாடல். அழுதால் தூக்குங்கள், தூக்கித் தூக்கிப் பழக்கம் கெடுத்துவிட்டாய் என்பவர்களுக்குச் சிரித்துவிட்டுப் போங்கள், இந்த வயதில் கெட்டுப்போவதற்கு ஒன்றும் இல்லை.

இங்கே அம்மாவைப் பற்றி ஒன்று. 1970-களில் எட்வர்ட் ட்ரானிக் என்ற உளவியலாளர், குழந்தையோடு கொஞ்சிக்கொண்டிருந்த அம்மாக்களைச் சில நிமிடம் முகத்தைக் கல் மாதிரி வைத்துக்கொள்ளச் சொன்னார். குழந்தை முதலில் சிரித்துப் பார்க்கும், கை நீட்டும், சத்தம் போடும், அப்புறம் முகத்தைத் திருப்பிக்கொண்டு வாடிப்போகும். பிரசவத்துக்குப் பிறகு மன அழுத்தத்தில் இருக்கிற அம்மாவின் முகம் அவள் விரும்பாமலேயே இப்படி ஆகிவிடக்கூடும். முதல் சில நாள் அழுகை சகஜம். இரண்டு வாரம் தாண்டியும் எதிலும் பிடிப்பில்லை, தூக்கமில்லை, குழந்தையைத் தூக்கவே தோன்றவில்லை என்றால் அது வியாதி, சோம்பலும் இல்லை, நடிப்பும் இல்லை. மாமியார்களும் கணவர்களும் இந்தப் பத்தியை இரண்டு முறை படிக்கவும். 14416 என்ற டெலி மானஸ் எண்ணுக்கு, அதாவது அரசின் மனநல உதவி எண்ணுக்கு, இலவசமாகப் பேசலாம், தமிழிலேயே பேசுவார்கள். அவளைத் தூங்க விடுங்கள், அந்த நேரம் குழந்தையோடு நீங்கள் ‘ங்கா’ பேசுங்கள். பதில் சொல்வது அம்மாதான் என்று எந்தக் குழந்தையும் பிடிவாதம் பிடிக்காது.

நான்கிலிருந்து பத்து மாதம். நம் பிள்ளைத்தமிழ்ப் பருவங்களைப் பள்ளியில் மனப்பாடம் செய்திருப்போம். அது ஒரு வளர்ச்சி அட்டவணை என்று எந்த வாத்தியாரும் எனக்குச் சொன்னதில்லை. செங்கீரை ஐந்தாம் மாதம், கைகளை ஊன்றித் தலை நிமிர்ந்து ஆடுவது. சப்பாணி ஒன்பதாம் மாதம், உட்கார்ந்து இரண்டு கைகளையும் சேர்த்துக் கொட்டுவது. ஒரு வயதை ஒட்டி வாரானை, தளர்நடை போட்டு வரச் சொல்லிக் கூப்பிடுவது. அதற்கு அப்புறம் அம்புலி, நிலாவைக் காட்டுவது. இன்றைக்குக் குழந்தை மருத்துவர் கேட்கிற கேள்விகளும் ஏறக்குறைய இவைதான்.

தினமும் விழித்திருக்கும்போது கொஞ்ச நேரம் பாயில் குப்புறப் போடுங்கள், நீங்களும் எதிரே குப்புறப் படுத்துக்கொள்ளுங்கள். துண்டை முகத்தில் போட்டு விலக்கி விளையாடுங்கள். உள்ளங்கையில் தொடங்கி விரலை நண்டு மாதிரி நடக்க விட்டு அக்குளில் கிச்சுகிச்சு மூட்டுகிற விளையாட்டு ஒவ்வொரு வீட்டிலும் இருக்கும். அதில் முழங்கை தாண்டியதும் ஒரு நிமிஷம் நிறுத்துங்கள். குழந்தை உங்கள் விரலையும் முகத்தையும் மாறி மாறிப் பார்க்கும், அடுத்து என்ன வரும் என்று அதற்குத் தெரிந்திருக்கிறது, காத்திருக்கிறது. நினைவு, எதிர்பார்ப்பு, கவனம் மூன்றும் அந்த நிறுத்தத்தில் வேலை செய்கின்றன. பொம்மைக்கு சமையலறை போதும்: கரண்டி, எவர்சில்வர் டம்ளர், மூடி. வாய்க்குள் போகிற அளவு சின்னதாக மட்டும் எதையும் கொடுக்காதீர்கள்.

ஒரு வயதை ஒட்டி. ஆள்காட்டி விரலால் காட்டுவது இப்போது வர வேண்டும். காக்கையைக் காட்டிவிட்டு உங்கள் முகத்தைத் திரும்பிப் பார்க்கும். “நான் பார்க்கிறதை நீயும் பார்” என்று அர்த்தம். உடனே “ஆமா, காக்கா! கா கான்னு கத்துது” என்று சொல்லுங்கள். நீங்கள் காட்டியதன் பெயரைச் சொல்வதைவிட அது காட்டியதன் பெயரைச் சொன்னால் சீக்கிரம் ஒட்டிக்கொள்கிறது, ஏனென்றால் கவனம் ஏற்கெனவே அங்கேதான் இருக்கிறது. அட்டைக்காரர்கள் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள்.

ஒன்றரையிலிருந்து மூன்று. இங்கேதான் நாம் பரீட்சை வைக்க ஆரம்பிக்கிறோம். வீட்டுக்கு ஆள் வந்தால் போச்சு. “மூக்கு எங்கே காட்டு, இது என்ன கலர் சொல்லு, மாமாவுக்கு ரைம்ஸ் சொல்லு.” நானும் செய்திருக்கிறேன். அதற்குப் பதிலாக, அது சொன்னதைக் கொஞ்சம் நீட்டிக் கொடுங்கள். பிள்ளை “பஸ்” என்றால் “பெரிய பஸ். பஸ் நின்னுடுச்சு, எல்லாரும் இறங்குறாங்க.” பிள்ளை “தண்ணி கொட்டி” என்றால் “தப்பு, கொட்டிடுச்சுன்னு சொல்லு” என்று திருத்த வேண்டாம், “அடடா, தண்ணி கொட்டிடுச்சா? துணி எடுத்துத் துடைப்போமா?” என்றால் திருத்தமும் ஆச்சு, பேச்சும் நீண்டாச்சு. இட்லியா தோசையா, சிவப்புச் சட்டையா நீலச் சட்டையா என்று இரண்டு கொடுத்துக் கேளுங்கள். ஆமாம் இல்லை என்று தலையாட்டித் தப்பிக்க முடியாது. புத்தகம் வாங்க வசதி இல்லை என்றால் பிரதம் புக்ஸின் ஸ்டோரிவீவர் தளத்தில் தமிழ்க் கதைகள் இலவசமாகக் கிடைக்கின்றன. போனில் படிப்பதென்றால் மடியில் உட்கார வைத்து, நீங்கள் வாசித்து, படத்தைப் பற்றிப் பேசுங்கள். ஒரே கதையை நாற்பதாவது தடவை கேட்கும். கேட்கட்டும், நாம்தான் சலித்துக்கொள்கிறோம்.

மூன்றுக்கு மேல் நான் சொல்வதற்கு அதிகம் இல்லை. விளையாட விடுங்கள். செப்புச் சாமான் வைத்துச் சோறாக்குவது, கடை வைப்பது, டாக்டர் ஊசி போடுவது எல்லாவற்றிலும் அடுத்தவர் பார்வையில் இருந்து யோசிப்பதும் தன் முறை வரும்வரை பொறுப்பதும் பழகுகின்றன. பல்லாங்குழியில் எண்ணிக்கை வரும், விரலுக்கும் பிடி கிடைக்கும். எழுத வைக்க அவசரம் வேண்டாம். மூன்று வயதில் நாலு கோட்டு நோட்டில் எழுத வைக்கிற பள்ளியைப் பார்த்தால் எனக்குக் கோபம்தான் வருகிறது. சப்பாத்தி மாவு பிசையட்டும், கோலப்பொடி தூவட்டும், பூண்டு உரிக்கட்டும், அந்த விரல்கள் பிறகு பென்சில் பிடிக்கும். “வீட்டிலும் இங்கிலீஷ்ல பேசுங்க” என்று பள்ளியில் சொன்னால் தலையாட்டிவிட்டு வந்து தமிழில் பேசுங்கள். உங்களுக்குச் சரளமாக வராத மொழியில் பிள்ளையோடு பேசினால் “கம் ஹியர், சிட் டவுன், டோன்ட் டச்” என்று கட்டளை மட்டும்தான் மிஞ்சும். பால்வாடி பக்கத்தில் இருந்தால் அனுப்புங்கள், மற்ற பிள்ளைகளோடு இருப்பதே ஒரு படிப்பு.

போனும் சோறும்

உலக சுகாதார நிறுவனம் 2019-ல் சொன்னது: இரண்டு வயதுக்குக் கீழே திரையே வேண்டாம், இரண்டிலிருந்து நான்கு வயது வரை ஒரு நாளைக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் வேண்டாம், குறைந்தால் நல்லது. நம் இந்தியக் குழந்தை மருத்துவர்கள் சங்கமும் இரண்டு வயதுக்குள் வேண்டாம் என்றுதான் சொல்கிறது. வெளியூரில் இருக்கிற தாத்தா பாட்டியோடு வீடியோ காலில் பேசுவது இதில் சேராது, அங்கே ஆள் பதில் சொல்கிறார்.

ஏற்கெனவே போன் காட்டித்தான் சோறு இறங்குகிறது என்றால் ஒரே நாளில் பிடுங்க வேண்டாம். முதலில் ஒரு வேளையை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள், ராத்திரிச் சாப்பாடு நல்லது, மொட்டை மாடிக்கோ வாசலுக்கோ போய் நிலா காட்டி ஊட்டலாம். இரண்டு மூன்று நாள் குறைவாகச் சாப்பிடும். பசித்தால் சாப்பிடும். பிறகு அடுத்த வேளை. யாரும் பார்க்காமல் ஓடுகிற டிவியையும் அணையுங்கள்; பின்னால் சீரியல் ஓடும்போது பெரியவர்கள் குழந்தையோடு பேசுவது தானாகவே குறைந்துவிடுகிறது. எங்கள் வீட்டில் இதற்கு நடந்த சண்டையை எழுதினால் அதுவே ஒரு சீரியல் ஆகும்.

சோறு என்று சொல்லும்போது இரும்புச் சத்து. மூளை இணைப்புகளின் மேல் உறை போடுகிற வேலைக்கு இரும்பு வேண்டும். ஆறு மாதம் வரை தாய்ப்பால் மட்டும். அதற்கு மேல் பால் சோறும் பிஸ்கட்டும் போதாது. முட்டை, ஈரல், மீன், பருப்பு, கீரை, கேழ்வரகு என்று சேர்க்க வேண்டும். சின்னப் பிள்ளைக்கு டீ கொடுக்கிற பழக்கத்தை விடுங்கள், இரும்பு உடம்பில் சேராமல் அது தடுக்கும். ஆறு மாதம் முதல் ஐந்து வயது வரை வாரம் இரண்டு முறை 1 மி.லி. இரும்புச் சத்து சிரப் கொடுக்கும் அரசுத் திட்டம் இருக்கிறது, கிராம சுகாதார செவிலியரிடமோ பால்வாடியிலோ கேளுங்கள். சமையலுக்கு அயோடின் உப்பு. இன்னொன்று, பிறந்த இரண்டு மூன்று நாளில் குதிகாலில் குத்தி ஒரு சொட்டு ரத்தம் எடுத்துத் தைராய்டு பார்ப்பார்கள். எடுத்தார்களா என்று கேளுங்கள். பிறவியிலேயே தைராய்டு குறைவாக இருந்தால் முதல் இரண்டு வாரத்துக்குள் மாத்திரை தொடங்கினால் மூளை தப்பிவிடும், விட்டால் அறிவு வளர்ச்சியே பாதிக்கும்.

“அவங்க தாத்தாவும் லேட்டாத்தான் பேசினார்”

என் தம்பி மகன் இரண்டரை வயதில் மூன்று வார்த்தை பேசினான். கூப்பிட்டால் சில நேரம் திரும்புவான். குக்கர் விசில் அடித்தால் ஓடிவருவான். அதனால் காது கேட்கிறது என்று எல்லோரும் முடிவு கட்டிவிட்டோம். “ஆம்பளைப் பிள்ளை லேட்டாத்தான் பேசும், உங்க அப்பாவே நாலு வயசு வரைக்கும் வாயைத் திறக்கலை” என்று அம்மா சொன்னார். வசம்பு உரசி நாக்கில் தடவினார்கள். (வசம்பால் பேச்சு வராது. தேன் தடவுவது ஒரு வயதுக்குள் ஆபத்தும்கூட. அதில் இருக்கக்கூடிய ஒரு கிருமி பிஞ்சுக் குழந்தையின் தசைகளைச் செயலிழக்க வைக்கும்.) ஒரு டாக்டரும் மூன்று வயது வரை பாருங்கள் என்றார். நான் அவன் முதுகுக்குப் பின்னால் கை தட்டிப் பார்த்தேன், திரும்பினான், நிம்மதியாகிவிட்டேன். கை தட்டினால் காற்றும் நிழலும் போகும், அதற்கும் குழந்தை திரும்பும் என்று பிறகுதான் தெரிந்தது. அவனுக்குச் சத்தம் கேட்டது, பேச்சு கேட்கவில்லை. உரத்த ஒலி எட்டும், ‘ச’, ‘த’, ‘க’ எல்லாம் கரைந்துபோகும். நாங்கள் பேசியதெல்லாம் அவனுக்குச் சுவருக்கு அந்தப் பக்கம் யாரோ முணுமுணுப்பது மாதிரி இருந்திருக்கும்.

காதுக்கு ஒரு கணக்கு வைத்திருக்கிறார்கள், 1-3-6. ஒரு மாதத்துக்குள் முதல் சோதனை, மூன்று மாதத்துக்குள் குறையை உறுதி செய்வது, ஆறு மாதத்துக்குள் கருவியும் பயிற்சியும். பிறந்த குழந்தைக்குக் காது கேட்கிறதா என்று பார்க்கிற ஓ.ஏ.இ. சோதனை சில நிமிட வேலை, வலியும் இல்லை. டிஸ்சார்ஜ் ஆகும் முன்பே கேட்டு எடுத்துக்கொள்ளுங்கள். கண்ணுக்கும் இதே கதைதான். டேவிட் ஹியூபெல், டார்ஸ்டன் வீசல் இருவரும் பூனைக்குட்டிகளின் ஒரு கண்ணை ஆரம்ப வாரங்களில் மூடி வைத்துத் திறந்தபோது கண் நன்றாக இருந்தது, மூளைதான் அதிலிருந்து வருவதை வாங்கவில்லை; 1981-ல் நோபல் பரிசு கிடைத்த வேலை அது. அதனால் குழந்தையின் கண்மணி வெள்ளையாகத் தெரிந்தாலோ, போட்டோவில் ஒரு கண் மட்டும் வெள்ளையாக மின்னினாலோ அடுத்த நாளே கண் ஆஸ்பத்திரி. 34 வாரத்துக்கு முன் பிறந்த, அல்லது 2 கிலோவுக்குக் குறைந்த குழந்தைக்கு 30 நாளுக்குள் விழித்திரைச் சோதனை கட்டாயம்.

இவற்றில் ஏதாவது இருந்தால் காத்திருக்க வேண்டாம்:

- மூன்று மாதம் ஆகியும் முகம் பார்த்துச் சிரிக்கவில்லை
- ஐந்து மாதத்தில் தலை நிற்கவில்லை
- ஒன்பது மாதத்தில் பிடிக்காமல் உட்காரவில்லை
- ஒரு வயதில் பேர் சொன்னால் திரும்பவில்லை, ‘பாபா தாதா’ என்ற மழலையும் இல்லை
- ஒன்றரை வயதில் நடக்கவில்லை, விரல் நீட்டிக் காட்டவில்லை, ஒரு வார்த்தைகூட இல்லை
- இரண்டு வயதில் ‘அம்மா வா’ மாதிரி இரண்டு சொல் சேரவில்லை
- எந்த வயதானாலும், வந்த பேச்சோ பழக்கமோ திரும்பப் போய்விட்டது

இதில் ஒன்று இருந்தால் உடனே பெரிய நோய் என்று அர்த்தமில்லை. சோதித்துவிட்டு ஒன்றுமில்லை என்று திரும்பி வந்தால் ஒரு நாள் லீவு போனது, அவ்வளவுதான்.

எங்கே போவது? 2013-ல் தொடங்கிய தேசியக் குழந்தைகள் நலத் திட்டத்தில் பால்வாடிகளுக்கு வருடம் இரண்டு முறை மருத்துவக் குழு வர வேண்டும். வண்டி வரும் நாளைப் பால்வாடி டீச்சரிடம் கேட்டு வையுங்கள். அவர்கள் அனுப்புகிற இடம் டி.இ.ஐ.சி. என்ற மையம், குறைகளைச் சின்ன வயதிலேயே கண்டுபிடித்துச் சிகிச்சை தருகிற இடம், அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலோ மாவட்டத் தலைமை மருத்துவமனையிலோ இருக்கும். நேராகவும் போகலாம். சென்னையில் இருப்பவர்களுக்குக் காது கேளாத சின்னக் குழந்தைகளுக்கென்றே பால வித்யாலயா என்ற பள்ளி இருக்கிறது, தென்காசிப் பக்கம் ஆய்க்குடி அமர் சேவா சங்கத்தில் ஊர் ஊராக வீட்டுக்கே வந்து பயிற்சி தருகிற ஏற்பாடும் உண்டு. காதுக் கருவி போதாது, காக்ளியர் இம்பிளான்ட் (உள்காதில் அறுவை செய்து பொருத்துகிற கருவி) வேண்டும் என்று சொன்னால், தமிழ்நாடு முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்தில் ஆறு வயதுக்கு உட்பட்ட பிள்ளைகளுக்கு அந்த அறுவைச் சிகிச்சை உண்டு. ஆனால் அறுவைச் சிகிச்சை பாதிதான். கருவி ஒலியைக் கொண்டுவந்து கொடுக்கும். அதைப் பேச்சாக்குவது வீட்டில் தரையில் உட்கார்ந்து அஞ்சு எண்ணுகிற வேலை.

போகிற அன்றைக்குச் சில விஷயம். தாய் சேய் நல அட்டையும் டிஸ்சார்ஜ் சம்மரியும் எடுத்துக்கொள்ளுங்கள். வீட்டில் விளையாடும்போது இரண்டு நிமிட வீடியோ எடுத்து வையுங்கள், ஆஸ்பத்திரியில் பிள்ளை மிரண்டுபோய் வீட்டில் செய்வதில் பாதியைக்கூடச் செய்யாது. உங்கள் சந்தேகங்களைத் தாளில் எழுதிக்கொள்ளுங்கள். எனக்கு டாக்டர் எதிரே உட்கார்ந்ததும் எல்லாம் மறந்துவிட்டது. பெரா டெஸ்ட் (தலையில் ஒயர் ஒட்டி, ஒலி மூளைக்குப் போகிறதா என்று பார்க்கிற காதுச் சோதனை) என்றால் பிள்ளை அசையாமல் தூங்க வேண்டும். நாங்கள் முதல் தடவை பஸ்ஸிலேயே நன்றாகத் தூங்க விட்டுக் கூட்டிப்போனோம், மெஷின் ஒயரை ஒட்டியதும் கொட்டக் கொட்ட விழித்துக்கொண்டான், வேறு தேதி கொடுத்து அனுப்பிவிட்டார்கள். அதனால் முந்தின ராத்திரி தாமதமாகப் படுக்க வையுங்கள், விடியற்காலையிலேயே எழுப்பிவிடுங்கள், வழியில் கண்ணை மூட விடாதீர்கள். பாட்டியைக் கூட்டிக்கொண்டு போனால் நல்லது, ஜன்னலோரம் மடியில் வைத்துக்கொண்டு மாடு, லாரி, பாலம் என்று ஊர் வந்து சேரும்வரை பேசிக்கொண்டே வருவார்.